ஆகாய மார்க்கமாய் வேலைக்கு

தென் அமெரிக்காவில் கடற்கரையற்ற தேசம் பொலிவியா. அதன் அரசாங்கம் நடைபெறும் லா பாஸ் நகரம், ஆண்டிஸ் மலைகளின் நடுவே கிண்ணம் போன்ற பள்ளத்தில், சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பில், 4,000 மீட்டருக்கும் மேலான சமவெளியில் அமைந்த நகரம் எல் ஆல்ட்டோ.

எல் ஆல்ட்டோ, பிழைப்பைத் தேடி வந்தவர்களின் ஊர். மேட்டுநிலக் கிராமங்களை விட்டு ஐமரா இன மக்கள் வந்தனர். 1985ஆம் ஆண்டுக்குப் பின் அரசின் வெள்ளீயச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. குடியிருப்பு மேலே, அநேகருக்கு வேலையோ கீழே. வளைந்திறங்கும் சாலைகளில் நெருக்கியடித்து ஓடும் மினிபஸ்களே அவர்களுக்குக் கதி. போக்குவரத்து நெரிசலோ, சாலை மறியலோ நேர்ந்தால் அன்றைய கூலிக்கே ஆபத்து.

இவ்வளவு செங்குத்தான சரிவில் ரயில் பாதை அமைப்பது எளிதல்ல. ஆகவே, சுற்றுலாத் தலங்களில் நாம் காணும் ரோப் காரையே அன்றாடப் போக்குவரத்தாக்கினர். 2014 மே 30 அன்று சிவப்புத் தடம் திறக்கப்பட்டது. பெட்டிக்குப் பத்துப் பேர். 12 விநாடிக்கு ஒரு பெட்டி. மேலிருந்து கீழே வரப் பத்தே நிமிடங்கள்! தொடக்கத்தில் கட்டணம் 3 பொலிவியானோ. அவ்வாண்டே மஞ்சள், பச்சைத் தடங்களும் சேர்ந்தன. மூன்றும் தேசியக் கொடியின் நிறங்கள். 2019க்குள் பத்துத் தடங்களாய், சுமார் 30 கிலோமீட்டருக்குப் பரந்தது.

சிவப்புத் தடம், வியாழனும் ஞாயிறும் கூடும் எல் ஆல்ட்டோ சந்தையருகே புறப்பட்டு, பொதுக் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து, பழைய ரயில் நிலையத்தில் வந்து முடிகிறது. நிலையங்களுக்கு ஸ்பானிய மொழியோடு ஐமரா மொழியிலும் பெயர் உண்டு. சந்தை நிலையத்தின் பெயர் ‘ஜாச்சா கத்து’. அதாவது பெரிய சந்தை. ஒருகாலத்தில் நகரம் அலட்சியப்படுத்திய மொழி, இன்று அதன் நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது.

குறைகள் இல்லாமலில்லை. இடி மின்னல் வேளையில் பெட்டிகள் நிறுத்தப்படுகின்றன. தடம் மாறினால் கூடுதல் கட்டணம் உண்டு. நிலையத்திற்கு வெகுதொலைவில் வாழும் ஏழைகள் இன்னும் மினிபஸ்ஸையே நம்பியிருக்கின்றனர். ஆயினும், நாள்தோறும் சாலையில் கழிந்த நேரம் அநேகருடைய வீட்டிற்குத் திரும்பியிருக்கிறது. உழைக்கிறவனுக்கு நேரமும் ஒரு கூலியே அல்லவா?