பலகைக்குக் கீழே

நம்ம காலேஜ் ஹேங்கர் பக்கம் எப்பவாவது போயிருக்கீங்களா? போயிருக்க மாட்டீங்க. ஒர்க்‌ஷாப்பைத் தாண்டி, தண்ணி டேங்குக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதை ஹேங்கர்னு சொல்றது ஏரோ டிபார்ட்மென்ட் பசங்க மட்டும்தான். உள்ளே ஒரு மஞ்சள் விமானம் நிக்குது. பேரு புஷ்பக்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பக்கம் பக்கமா எழுதினது பத்தாவது பப்ளிக் எக்ஸாமோட சரி. ஆனா இதை இங்கிலீஷ்ல எழுத உட்கார்ந்தா தானாவே லேப் ரிப்போர்ட் மாதிரி வந்துடுது. ரிப்போர்ட்ல பொய் எழுதறது எனக்கு ரொம்ப சுலபம். அதனாலதான் தமிழ்.

புஷ்பக் பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டிய விமானம். 1958-ல் முதன்முதலா பறந்தது. அமெரிக்காவின் ஏரோங்கா சீஃப் விமானத்தின் சாயலில் இருக்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட், தலைக்கு மேலே இறக்கை, 90 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின். இன்னைக்கு ஒரு சின்ன காருக்கே அவ்வளவு பவர் இருக்கு. நம்ம நாட்டு ஃப்ளையிங் கிளப்களில் எத்தனையோ பேர் பறக்கக் கத்துக்கிட்டது இதுலதான். நம்மகிட்ட இருக்கறது இனி பறக்காது. உள்ளே ஏறி உட்கார்ந்து பார்க்கற அளவுக்காவது அதைச் சரி பண்றதுதான் எங்க ப்ராஜெக்ட். ஆறு பேர் டீம். எனக்கு வந்த வேலை கேபினோட தரைப் பலகை.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருந்தது. ஒருத்தனுக்கு இன்ஜின், ஒருத்திக்கு இறக்கைத் துணி, எனக்குத் தச்சு வேலையான்னு கேட்டேன். எங்க லேப் இன்ஸ்ட்ரக்டர் சிரிச்சார். ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃப்ரேம் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். "முதல்ல பழசைக் கழட்டு தம்பி, அப்புறம் பேசலாம்"னார்.

கழட்டினேன். இந்த மாதிரி விமானத்தோட உடம்பு ஸ்டீல் குழாய்களை வெல்ட் பண்ணின ஒரு கூடு. மேலே துணி போர்த்தியிருக்கும். தரைப் பலகை அந்தக் குழாய்கள் மேலே உட்காரும். பலகைக்குக் கீழே சில அங்குல இடைவெளி, அப்புறம் துணி, அப்புறம் வானம். அவ்வளவுதான். அந்த இடைவெளியில ரட்டர் பெடல்ல இருந்து வால் வரைக்கும் போற கேபிள் ஓடுது. மேலே இருந்து வர்ற ஈரம், மண், எலிப் புழுக்கை எல்லாம் போய்ச் சேர்ற இடமும் அதுதான். அடிக்குழாய் துரு பிடிக்க ஆரம்பிக்கறதும் அங்கேதான். சார் ஒரு கூர்மையான ஊசியைக் கொடுத்து குழாயை அங்குலம் அங்குலமா குத்திப் பார்க்கச் சொன்னார். துரு உள்ளேயே தின்னிருந்தா ஊசி இறங்கிடும். நல்லவேளை, எங்கேயும் இறங்கலை. சுரண்டி, பிரைமர் அடிச்சோம்.

பழைய பலகையில நான் இன்னொண்ணும் பார்த்தேன். பெடல் மிதிக்கும்போது குதிகால் தரையில ஊன்றியிருக்கும் இல்லையா, அந்த இடத்துல ரெண்டு ரெண்டு பள்ளம். இடப்பக்கப் பள்ளம் ஆழம், வலப்பக்கம் கம்மி. ஏன்னு சாரைக் கேட்டேன். "கத்துக்கறவன் இடப்பக்கம் உட்காருவான். பயத்துல குதிகாலைப் போட்டுத் தேய்ப்பான். சொல்லித்தர்றவன் சும்மா வெச்சிருப்பான்"னார். எனக்கு அந்த வேலை பிடிச்சுப்போனது அந்த நிமிஷத்துல இருந்துதான்.

புதுப் பலகைக்கு 4.5 மி.மீ. பிர்ச் ப்ளைவுட். ஒரு சதுர மீட்டர் சுமார் 3 கிலோதான் வரும். கடையில கிடைக்கிற 12 மி.மீ. சாதா ப்ளையைப் போட்டா 7 கிலோவுக்குப் போயிடும். பழைய பலகையை அப்படியே வெச்சு வரையக் கூடாது. ஓரமெல்லாம் தேஞ்சு சுருங்கியிருக்கும், அந்தத் தேய்மானமும் சேர்ந்து காப்பியாகிடும். ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியில முதல்ல மாதிரி வெட்டி, உள்ளே வெச்சுப் பார்த்து, குழாய் இடிக்கிற இடத்தை எல்லாம் திருத்தினேன். அப்புறம்தான் மரம். வெட்டற கோட்டு மேலே மாஸ்கிங் டேப் ஒட்டினா சிலாம்பு பேராது. வார்னிஷ் மூணு கோட், மேலே மட்டும் இல்லை, அடிப்பக்கமும். ஓரத்துக்கு இன்னும் அதிகம், ஏன்னா மரம் தண்ணி குடிக்கிறது ஓரத்து வழியாத்தான். மூணு வாரம் ஆச்சு. என் வாழ்க்கையில நான் இவ்வளவு ஒழுங்கா எதையும் செஞ்சதில்லை.

கடைசி நாள்தான் பிரச்சினை.

பலகையைக் குழாயில வெல்ட் பண்ணின சின்னச் சின்னத் தகடுகளோட ஸ்க்ரூ போட்டுப் பிணைக்கணும். தகட்டுக்கு அடியில நட் பிளேட் இருக்கும், அரை இன்ச் ஸ்க்ரூ போதும். இடப்பக்கத்துல நாலு நட் பிளேட் உடைஞ்சிருந்தது. புதுசு வரலை. மறுநாள் காலையில சிம்போசியம், சீஃப் கெஸ்ட் ஹேங்கருக்கு வர்றார். நான் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு இன்ச் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ நாலு வாங்கிட்டு வந்து நேரா தகட்டுலயே இறக்கிட்டேன். கெட்டியா பிடிச்சுது. மேலே இருந்து பார்த்தா எல்லாத் தலையும் ஒண்ணு போலத்தான் இருந்தது.

சாயங்காலம் சார் ஜாப் கார்டோட வந்தார். அதுல 'செய்தவர்'னு ஒரு கட்டம், 'சரிபார்த்தவர்'னு ஒரு கட்டம். வழக்கமா அவரே டார்ச்சும் கண்ணாடியும் வெச்சு அடியில பார்ப்பார். அன்னைக்கு அவருக்கு முட்டி வலி, கேபினுக்குள்ள ஏற முடியலை.

"அடியில கை விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

கையெழுத்து போட்டார். அந்த மாசக் கடைசியில அவர் ரிட்டயர் ஆனார். நம்ம காலேஜ்ல அவர் போட்ட கடைசி ஜாப் கார்டு அது.

ஏன் பொய் சொன்னேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழக்கம்தான். நீங்களும் யோசிச்சுப் பாருங்க. மூணு வருஷமா லேப் ரெக்கார்டுல எத்தனை ரீடிங் நிஜமா எடுத்தது, எத்தனை சீனியர் நோட்டுல இருந்து வந்தது? கிராஃப் நேர்கோடா வரணும்னு எத்தனை புள்ளியை நகர்த்தியிருக்கோம்? "பாத்தியா?"ன்னு கேட்டா "பாத்தேன் சார்"னு சொல்ல எனக்கு மூணு வருஷம் ட்ரெயினிங் கிடைச்சிருக்கு. அது வாயில இருந்து வந்தப்ப பொய் மாதிரியே தெரியலை.

ரெண்டு மாசம் கழிச்சு ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு விமானத்தைச் சுத்திக் காட்டிட்டு இருந்தேன். சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனையைச் செஞ்சு காட்டினேன். கேபிள்ல வயர் அறுந்திருக்கான்னு கண்ணால கண்டுபிடிக்கறது கஷ்டம். ஒரு துணியை அது மேலே சுத்திப் பிடிச்சு இழுக்கணும். அறுந்த முனை இருந்தா துணி மாட்டும். இடப்பக்க ரட்டர் கேபிளைப் பிடிச்சு இழுத்தேன்.

மாட்டுச்சு.

பசங்க "சூப்பர் டெமோ அண்ணா"ன்னாங்க. எனக்குக் கை வேர்த்துடுச்சு. அவங்க போனதும் பலகையைக் கழட்டினேன். என் நாலு ஸ்க்ரூவுல ஒண்ணோட கூர்முனை கேபிளுக்கு ரொம்பப் பக்கத்துல நீட்டிட்டு இருந்தது. பெடலை முழுசா மிதிக்கும்போது கேபிள் கொஞ்சம் பக்கவாட்டுல ஆடி அதுல உரசும். சிம்போசியத்துக்கு வந்த ஸ்கூல் பசங்க அத்தனை பேரும் அந்தப் பெடலை மிதிச்சவங்க.

கார்டு ஹேங்கர் சுவத்துல தொங்கிட்டு இருந்தது. அவர் கையெழுத்தோட.

விமானம் பறக்கப் போறதில்லை. ஸ்க்ரூவை மாத்திட்டு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் நினைச்சேன். காலையில போன் போட்டேன்.

"சார், நான் அன்னைக்கு கை விட்டுப் பாக்கலை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னாடி டிவி சத்தம் மட்டும்.

"எத்தனை வயர் போயிருக்கு?"

"மூணு சார்."

"மொத்தம் எத்தனை?"

"ஏழு பத்தொன்பது. நூத்தி முப்பத்து மூணு."

"ம். கார்டுல என் கையெழுத்து இருக்கா?"

"இருக்கு சார். அதை அடிச்சிடட்டுமா?"

"அடிக்காத. நானும் பாக்காமத்தான் போட்டேன். அதுக்குக் கீழ இன்னைக்குத் தேதி போட்டு, என்ன நடந்துச்சோ அதை எழுது. உன் பேரைப் போடு."

எழுதினேன். மூணே வரி. லேப் ரெக்கார்டுல நான் எழுதின எந்தப் பக்கத்தையும் விட அதுக்குத்தான் அதிக நேரம் ஆச்சு. எங்க கைடுகிட்டயும் சொன்னேன், திட்டு வாங்கினேன். பெடல்ல இருந்து கேபிளைக் கழட்டி, சிவப்பு டேக் கட்டி வெச்சிருக்கோம். நட் பிளேட் வந்துடுச்சு, பலகையில இப்ப எல்லாமே அரை இன்ச்.

ஜூலையில நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில சேர்றேன். அங்கேயும் 'டெஸ்ட் பண்ணியாச்சு'ன்னு ஒரு கட்டம் இருக்குமாம், டிக் போடணுமாம். சீனியர் சொன்னார்.

ஹேங்கர் சனிக்கிழமை மத்தியானம் திறந்திருக்கும். வாங்க. இடப்பக்க சீட்ல உட்கார்ந்து பாருங்க, பழைய பலகையும் ஓரமா சாத்தி வெச்சிருக்கோம், அந்தக் குதிகால் பள்ளத்தோட. சுவத்துல இருக்கற கார்டையும் படிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் ஸ்க்ரூ டிரைவர் கேளுங்க, தருவாங்க. பலகையைத் தூக்கி நீங்களே கை விட்டுப் பாருங்க. நான் பாத்துட்டேன்னு சொன்னா நம்பாதீங்க.