எதிர்க்காற்று

வன்னி மலைநாடன்று. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக் கடல்வரை சென்றாலும் அண்ணாந்து பார்க்க ஒரு குன்றில்லை. ஆயினும் இந்நாட்டிலும் ஏற்றம் உண்டு. அதனை நிலம் தரவில்லை, காற்றுத் தருகின்றது. தென்மேற்கிலிருந்து வீசும் சோழகத்துக்கு முகங்கொடுத்துத் துவிச்சக்கர வண்டி மிதித்தவர் இதனை அறிவர்.

2022ஆம் ஆண்டு யூன் 27இல், அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறருக்கு யூலை 10வரை எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. அந்நாள் கழிந்த பின்னரும் எரிபொருள் நிலையங்களின் வரிசை குறையவில்லை. அம்மாத இறுதியில், மாங்குளத்திலிருந்து முள்ளியவளைவரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தை நான் சைக்கிளிலே கடந்தேன். நான்காம் நாள் அவ்வழியே மீண்டேன்.

போகும்போது காற்று முதுகிலிருந்து தள்ளியது. ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான் என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்சென்றன. குளம், மடு, முறிப்பு, கேணி, ஊற்று என்று நீரின் பெயரையே ஊரின் பெயராக்கிக்கொண்ட மக்கள் இவர்கள். நீர் வற்றிய அக்கோடையிலும் காட்டோரத்தில் பாலைப்பழம் பழுத்திருந்தது. பாலை என்றால் வறட்சி என்று வகுப்பிலே படிப்பிக்கும் எனக்கு, வன்னியின் பாலை இனிக்கும் பழத்தை நீட்டியது.

திரும்பும் பயணமோ வேறு. ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் காற்று மார்பிலே கைவைத்து நிறுத்தியது. பாதையின் இருமருங்கும் காடு. வீடில்லை, கடையில்லை, குடிக்க நீரில்லை. நடக்கும் வேகத்தைவிடச் சிறிதே கூடிய வேகத்தில் வண்டி நகர்ந்தது. புழுதி கண்ணை மறைத்தது. தொடைகள் கல்லாகக் கனத்தன. பொழுது சாய்ந்தால் யானைகள் வீதியைக் கடக்கும் இடங்கள் அவை. ஆதலால் இளைப்பாறவும் மனம் துணியவில்லை.

முன்னதாக, ஒட்டுசுட்டானில் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுத் தந்த முதியவர் என் களைப்பைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, உங்களுக்கு இது புதுசு. தொண்ணூறுகளிலை எங்களுக்கு எல்லாமே சைக்கிள்தான். விறகும் அதிலைதான், நெல்லும் அதிலைதான், வருத்தக்காரரும் அதிலைதான்" என்றார்.

அவர் கூறியது இம்மண்ணின் வரலாறு. 1990இல் ஏ-9 பாதை மூடப்பட்டபின் எரிபொருள் இங்கு அரும்பொருளாயிற்று. 2002இல் பாதை திறக்கும்வரை வன்னியின் பாரத்தைச் சுமந்தது சைக்கிளே. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கரையில் மக்கள் கைவிட்டுப்போன பொருள்களிடையே சைக்கிள்கள் குவியல் குவியலாய்த் துருவேறிக் கிடந்தன. உயிரோடு கொண்டுபோக முடிந்த இறுதி உடைமையையும் அங்கேதான் அவர்கள் விட்டனர்.

கரிப்பட்டமுறிப்பை அண்மித்தபோது பாடசாலைச் சீருடையில் ஒரு மாணவி எனக்கு முன்னே மிதித்துக்கொண்டிருந்தாள். கரியரில் தம்பி, அவன் மடியில் இருவரது புத்தகப் பைகள். தன்னினும் உயர்ந்த ஆண் சைக்கிள் அது. ஒவ்வொரு மிதிக்கும் உடல் ஒருபுறம் சரிந்து எழுந்தது.

"ஒவ்வொரு நாளும் இப்படித்தானோ, பிள்ளை?"

"ஓம் சேர். காலமை சுகம். பின்னேரம்தான் காத்து விடாது. மாலை வகுப்புக்கு நிண்டா யானை எண்டு அம்மா மறிச்சுப்போட்டா."

எனக்கு அது ஒரு கிழமைத் தொல்லை. அவளுக்கோ அதுவே கல்வி. நகரத்து மாணவர் பெறும் மாலை வகுப்பு அவளுக்கு இல்லாமற் போனது அறிவுக் குறையாலா? அல்லவே! தூரத்தால், நேரத்துக்கு வராத பேருந்தால், வீதியிலிருந்து கிராமத்துக்குள் நுழையும் குண்டும் குழியுமான கிரவல் பாதையால்.

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கியது, தூரம் நீங்கவில்லை. ஏழைப் பிள்ளை அத்தூரத்தைத் தன் கால்களால் இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறது. பரீட்சை முடிவுகளை ஒப்பிட்டுப் பின்தங்கிய மாவட்டம் என்று பெயர்சூட்டுவோர், இக்கட்டணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

தீர்வு அறியாத நோயன்று இது. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2006இல், ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் வழங்கும் திட்டம் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை அதனால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர்ந்தது என்று ஆய்வாளர் கண்டனர். பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேயே பயன் மிகுந்தது. தமிழகத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிளும் கற்ற பல்லாயிரம் உழைக்கும் பெண்கள், ஊராரின் ஏளனத்தைத் தாண்டித் தாமே சந்தைக்கும் கிணற்றுக்கும் சென்றுவரலாயினர்.

ஆயினும் சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எவரும் கைகழுவ முடியாது. பாடசாலை மணிக்கு இசைந்த பேருந்து வேண்டும். கிராமத்துப் பாதைகள் செப்பனிடப்பட வேண்டும். யானை கடக்கும் இடங்களில் மாலை வேளையில் காவலும் விளக்கும் வேண்டும். இவை சலுகைகளல்ல, இலவசக் கல்வி என்ற சொல்லின் எஞ்சிய பாதி. காற்றின் திசையை எவராலும் மாற்ற முடியாது. அதனை எதிர்த்து ஒரு சிறுமி தனியே மிதிக்க வேண்டும் என்பதோ இயற்கையின் விதியன்று. மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம்.