வெள்ளை பூத்த கிட்டார்

ஐப்பசி மழையில் கிட்டாருக்கு லாக்கர் அடித்தது எங்கள் அவசரம். மாலை வகுப்புப் பிள்ளைகளோடு நான்கு மாதம் இழைத்து, ஒட்டிச் செய்த கிட்டார். கடைசிப் பூச்சு அடித்த சற்று நேரத்தில் பால் கொட்டியதுபோல வெள்ளை படர்ந்தது.

"நீ கெட்டியா அடிச்சிட்டே" என்று ஸ்ப்ரே கன் பிடித்த தம்பியிடம் முதலில் சொன்னது நாங்கள்தான். அவன் அன்று சாப்பிடவில்லை. கை பழகாதவன்மேல் பழி போடுவது எவ்வளவு எளிதாக வருகிறது நமக்கும்!

மறுநாள் தச்சுவேலை செய்யும் அண்ணன் தடவிப் பார்த்து, "ஈரம்ப்பா" என்றார். என்.சி. லாக்கரில் கலந்த தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மழைக்காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்குகிறது. அந்த ஈரம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. உப்புத்தாளை எடுத்தோம், தடுத்துவிட்டார். காற்று காய்ந்த நாளில், மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரைப் பனிபோல மெல்லிசாக அடித்தால் பூச்சு இளகும், ஈரம் வெளியேறும். (பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது.)

மூன்றாம் நாள் வெயில் வந்தது. அதே தம்பியிடம் ஸ்ப்ரே கன்னை நீட்டினோம். முதலில் வாங்க மறுத்தான். மன்னிப்புக் கேட்ட பிறகே வாங்கினான். வெள்ளை கலைந்தது, கழுத்து சேருமிடத்தில் நகமளவு மட்டும் இன்னும் இருக்கிறது.