பிறமொழி வழியே தாய்மொழி

வெள்ளவத்தையிற் காலி வீதியோரம் நடப்போர், ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜேர்மனும் குறுகிய காலத்திற் கற்பிக்கப்படும் என்னும் விளம்பரங்களைக் காணாது செல்லுதல் அரிது. அவ்வகுப்புகளை நாடும் தமிழ் இளைஞருட் பலருக்கு அந்நியமொழி ஒரு பயணச்சீட்டு. வாழ்க்கைத்துணை ஜேர்மனியிலே காத்திருக்க, மொழிப் பரீட்சைச் சான்றிதழ் விசாவுக்கு வேண்டப்படுகின்றது. 1983ஆம் ஆண்டின் பின் உலகெங்கும் சிதறுண்ட ஒரு சமுதாயம் இவ்வாறு மொழி பயில்வதைப் பழித்தல் முறையன்று. ஆயினும், பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலே பிறமொழி பயில்வோனும் இதே நோக்குடன் அமைந்துவிடின், அவன் இழப்பது பெரிது. அவ்விழப்பு யாதென்பதை உணர்த்தத் தனிநாயகம் அடிகளின் வாழ்க்கை ஒன்றே போதும்.

1913இற் பிறந்த அடிகள், யாழ்ப்பாணத்திற் கல்லூரிக் கல்வியை முடித்துக் கொழும்பு புனித பேர்ணாட் குருமடத்திற் சேர்ந்தார். 1934 முதல் 1939 வரை உரோமாபுரியிற் பயின்றார். இலத்தீனும் இத்தாலியமும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் அவர் வசமாயின. தமிழிலக்கியத்தை முறையாகக் கற்பதற்கு அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்ததோ 1945இல், முப்பதைக் கடந்த வயதில். சங்கப் பாடல்களின் இயற்கைநெறியை ஆராயப் புகுந்தவருக்கு, முன்னர்க் கற்ற மேலைக் கவிதை ஓர் ஒப்பளவாக உதவியது. பிறர் கவிதையைப் பிறர் மொழியிலேயே படித்தவர் ஆதலின், தமிழுக்கே உரியது எது, மனித குலத்துக்குப் பொதுவானது எது எனப் பகுத்தறிய அவரால் இயன்றது.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழக விரிவுரையாளரான அடிகள், 1954இல் வத்திக்கான் நூலகத்திலே அரியதொரு நூலைக் கண்டெடுத்தார். அன்தாவோ த புறோயென்சா என்னும் யேசுசபைத் துறவி தொகுத்து, அவர் மறைவின் பின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்–போர்த்துக்கேய அகராதி அது. பதினேழாம் நூற்றாண்டிற் தமிழ் மக்கள் வழங்கிய சொற்களையும் அவற்றின் பொருளையும் காட்டும் இச்சான்று, போர்த்துக்கேயம் அறியாத தமிழறிஞனுக்குப் பூட்டிய பேழையே. 1966இல் கோலாலம்பூரிலிருந்து அடிகள் அதனை மீளப் பதிப்பித்தார்.

அத்தகைய பேழைகளைத் தேடி வத்திக்கான் வரை செல்லவேண்டுவதுமில்லை. கொட்டாஞ்சேனையிலே ஒரு சாதாரணத் தமிழ் வீட்டினுள் நுழைந்தால், அலுமாரி, மேசை, வாங்கு, சப்பாத்து, காலையுணவுக்குரிய பாண் ஆகிய அனைத்தும் போர்த்துக்கேயத்திலிருந்து வந்த பெயர்களையே தாங்கி நிற்பதைக் காணலாம். நாள்தோறும் அச்சொற்களை வழங்குவோரிற் பெரும்பாலோர் அவற்றின் வரலாற்றை அறியார். இனி, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலே ஒல்லாந்தர் ஆட்சிக்கால ஆவணங்கள் பேணப்படுகின்றன. 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் நிலம், வரி, சாதி, தொழில் என்பன பற்றி எழுதியவை ஒல்லாந்த மொழியிலேயே உள்ளன. அம்மொழியைக் கல்லாத தமிழ் மாணவன், தன் மூதாதையரைப் பற்றி அறிதற்கும் மற்றொருவரின் மொழிபெயர்ப்பையே நம்பியிருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எதனைத் தெரிந்தெடுத்தார், எதனை விடுத்தார் என்று வினவவும் அவனால் இயலாது.

களனிப் பல்கலைக்கழகத்தில் இன்று பிரெஞ்சு, ஜேர்மன், உருசியம், சீனம், யப்பானியம் முதலிய மொழிகள் பயிற்றப்படுகின்றன. அவற்றைக் கற்போர் தொழில் பெறுதல் நன்றே. ஆயினும், வகுப்பறையிற் பெற்ற மொழியறிவைத் தமிழாராய்ச்சிக்குக் கொணர்வோர் சிலரேனும் ஒவ்வொரு தலைமுறையிலும் தோன்றுதல் வேண்டும். தமிழ்த்துறையும் தன் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பிறமொழியையேனும் நூல் வாசிக்கும் அளவுக்குக் கற்குமாறு தூண்டுதல் தகும். தாய்மொழிப் பற்றுக்குப் பிறமொழிப் பயிற்சி பகையன்று என்பதைத் தனிநாயகம் அடிகள் வாழ்ந்து காட்டினார்; அவர் வழியைத் தொடர்தல் கற்போர் கடன்.