பால் கொட்டிய பிறகு தெரிந்த கோளாறு

மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமம். காலை ஆறு மணிக்குள் சங்கத்தில் பால் ஊற்றியாக வேண்டும். அறுபதைத் தாண்டிய அந்த விவசாயி தன் பாலோடு அக்கம்பக்கத்து மூன்று வீட்டுப் பாலையும் சைக்கிளில் கொண்டுபோவார். கேரியரின் இருபுறமும் 20 லிட்டர் கேன். 40 லிட்டர் பால் மட்டுமே 41 கிலோ. கேனும் ஆளும் தனி.

ஐப்பசி மழையில் ஓடையில் முழங்கால் தண்ணீர். பத்து நாள் அதில் சைக்கிளை உருட்டிக் கடந்தார். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் 'டக் டக்' என்று ஒரு சத்தம். காட்டர் பின் தளர்ந்திருக்கும் என்று கல்லால் நாலு தட்டு தட்டினார். நின்றது மாதிரி இருந்தது. மறுநாள் மறுபடி வந்தது.

கோளாறு உள்ளே இருந்தது. ஃப்ரேமின் அடியில் ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறதே, கடைக்காரர்கள் 'பி.பி.' என்பார்கள், அதற்குள்தான் பெடல் அச்சு சுழல்கிறது. இரு ஓரத்திலும் மரை போட்ட கப்பு. கப்புக்கும் அச்சுக்கும் நடுவே பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குல பால்ரஸ் குண்டுகள். மிதிக்கிற பாரத்தை இந்த 22 குண்டுகள்தான் வாங்குகின்றன. தண்ணீர் புகுந்தால் கிரீஸ் போகும், மணல் தங்கும். செயினைக் கழுவ டீசலை ஊற்றுகிறோமே, அதுவும் உள்ளே இறங்கினால் கிரீஸைக் கரைத்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அது மட்டும் ஆடினால் காட்டர் பின். எதிர்ப்பக்கக் கிராங்கும் சேர்ந்து ஆடினால் கப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது குண்டு தேய்ந்திருக்கிறது. செயினைக் கழற்றிவிட்டுச் சுழற்றும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டால் உடனே திறந்துவிட வேண்டும்.

அவரும் கடைக்குப் போனார். முதலாளி இல்லை, வேலை பழகும் பையன்தான் இருந்தான்.

"பெரியப்பா, பத்து நிமிஷத்துல கழட்டித் தர்றேன்."

"பாத்துக் கழட்டு தம்பி, பழைய வண்டி."

செயின் இருக்கும் வலதுபக்கக் கப்புக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். மிதிக்க மிதிக்கக் குண்டுகள் உருண்டு கப்பைக் கழலும் பக்கமாகத் தள்ளும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். பையனுக்கு அது தெரியாது. வழக்கமான திசையில் பைப் ரெஞ்சு போட்டு முறுக்கினான். ஃப்ரேமின் மரையே சிதைந்தது. தகரத் துண்டைச் சுற்றி, கப்பைத் திணித்து அனுப்பிவிட்டான்.

பதினைந்தாம் நாள், ஓடைக்கரை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது கப்பு பிதுங்கியது. அச்சு சாய்ந்து கால் நழுவ, ஆளும் வண்டியும் கீழே. இரண்டு கேனும் கவிழ்ந்தன. முழங்கால் சிராய்ப்பு பெரிதாகத் தெரியவில்லை. அந்த மூன்று வீட்டில் ஒன்று, ஒரே ஒரு மாட்டை வைத்துக்கொண்டு கடன் கட்டும் அம்மாள் வீடு. சங்கத்தில் பணம் கொடுத்ததும் முதலில் அங்கே போய், அன்றைய பாலுக்கு உரியதைக் கொடுத்தார். "விழுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே, வேணாம்" என்றார் அந்த அம்மாள். திண்ணையில் வைத்துவிட்டு வந்தார்.

22 குண்டும் கொஞ்சம் கிரீஸும் வாங்கினால் முடிந்திருக்க வேண்டியது, ஃப்ரேமையே கொண்டுபோய்விட்டது.

புது வண்டி வாங்கப் போனவர் பெயிண்டைப் பார்க்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து, பி.பி.யில் குழாய்கள் சேரும் இடங்களைத் தடவிப் பார்த்தார். இணைப்பு உறைக்குள் குழாயைச் செருகிப் பித்தளை உருக்கிப் பற்றவைத்தது நல்ல உறுதி. நேரடி வெல்டிங்கும் மோசமில்லை, ஓட்டையும் விடுபட்ட இடமும் இல்லாமல் இருந்தால். முன்கழுத்திலிருந்து ஒரு நூலைப் பின்சக்கர அச்சு மாட்டும் இருபுறமும் சுற்றிக் கட்டச் சொன்னார். நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் சமமாக இருந்தால்தான் ஃப்ரேம் நேர். கடைக்காரர் சிரித்தாலும் கட்டிக் காட்டினார். முதல் வண்டியில் சமமாக வரவில்லை. அடுத்ததில் கிராங்கைச் சுழற்றியபோது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தது. அச்சு வளைந்திருந்தாலோ இரு பக்க மரையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ அப்படி வரும். மரைதான் கோணல் என்றால் எவ்வளவு உயர்ந்த குண்டு போட்டாலும் தேயும். மூன்றாவது வண்டியை எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் ஐப்பசி பிறக்குமுன்பே ஓவராயிலிங்குக்கு விட்டார். பழைய கடைதான். பையன் இப்போது வலதுபக்கக் கப்பைச் சரியான திசையில் திருப்புகிறான். பக்கத்தில் உட்கார்ந்து, கிரீஸில் பதித்த குண்டுகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.