மழையும் விடியலும்

போட்ஸ்வானா நாட்டின் பணத்திற்குப் ‘புலா’ என்று பெயர். அந்நாட்டு மக்கள் பேசும் செட்சுவானா மொழியில் புலா என்றால் மழை. பெரும்பகுதி கலகாரிப் பாலைவனமாக விரிந்து கிடக்கும் மண்ணில் மழைதான் செல்வம். எனவே, செல்வத்திற்கும் அதே பெயர். பொதுக்கூட்டங்களில் தலைவர் ‘புலா’ என்று முழங்க, மக்களும் ‘புலா’ என்று திருப்பி முழங்குவது அங்கு வழக்கம். வடக்கே ஆற்றைக் கடந்தால் சாம்பியா. அங்குள்ள பணத்தின் பெயர் ‘குவாச்சா’. அதன் பொருள் விடியல். விடுதலைப் போராட்டக் காலத்தில் முழக்கமாக ஒலித்த அச்சொல், 1968இல் பணத்தின் பெயராயிற்று. நம் ரிங்கிட்டின் பெயருக்கு இவ்வளவு கற்பனை நயம் கிடையாது. பழைய வெள்ளிக்காசுகளின் விளிம்பில் இருந்த பற்களைக் குறித்த மலாய்ச் சொல் அது.

இவ்விரண்டு பணத்தாள்களையும் நான் முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தது, கல்வியியலில் முதுகலை படிக்க வெளிநாடு சென்றிருந்தபோதுதான். விடுதியில் எங்கள் தளத்திற்கு ஒரே சமையலறை. சாம்பியாவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரும் போட்ஸ்வானாவைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரும் மாலையில் அங்குச் சமைப்பார்கள். இருவரும் வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிண்டுவார்கள். தோழி அதனை ‘இன்ஷிமா’ என்பார். நண்பர் ‘பலேச்சே’ என்பார். எது சரியான பதம் என்பதில் இருவருக்கும் ஓயாத வழக்கு. என் கண்ணுக்கு இரண்டும் நம் கேழ்வரகுக் களியின் வெள்ளைத் தம்பிகளாகவே தெரிந்தன.

அண்மையில், நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடும் பாடம் ஒன்றிற்கு அட்டவணை தயாரிக்க வேண்டியிருந்தது. இவ்விரு நாடுகளையே எடுத்துக்கொண்டேன். ஒப்பிட இதைவிடப் பொருத்தமான இணை எளிதில் கிடைக்காது. இரண்டும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், கடற்கரையே இல்லாமல் நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டவை. இரண்டும் பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்தவை. சாம்பியா 1964இலும் போட்ஸ்வானா 1966இலும் விடுதலை பெற்றன. இரண்டிற்கும் மண்ணுக்கடியில் ஒரு புதையல் இருந்தது. சாம்பியாவிற்குச் செம்பு, போட்ஸ்வானாவிற்கு வைரம்.

இவற்றுள் எது முன்னேறும் என்று 1966இல் யாரையாவது கேட்டிருந்தால், தயங்காமல் சாம்பியா என்றுதான் சொல்லியிருப்பார். உலகின் முன்னணிச் செம்பு ஏற்றுமதி நாடுகளுள் அதுவும் ஒன்று. கிட்வே, இண்டோலா போன்ற சுரங்க நகரங்களில் தொழிற்சாலைகளும் இரயில் பாதைகளும் இருந்தன. சாம்பியரின் சராசரி வருமானம் போட்ஸ்வானாவினரைப் போல மூன்று மடங்குக்கும் மேல். போட்ஸ்வானாவிலோ தார் போட்ட சாலை, நாடு முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 12 கிலோமீட்டர்தான். வறட்சியில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்தன. தலைநகரம்கூடக் கிடையாது. பிரிட்டிஷார் அந்நாட்டைத் தென்னாப்பிரிக்காவிலுள்ள மாஃபெக்கிங் நகரில் இருந்துகொண்டே ஆண்டார்கள்! விடுதலை நெருங்கிய பிறகுதான் கபரோனி என்ற புதிய தலைநகரம் எழுப்பப்பட்டது.

பிறகு நடந்தவற்றைத் தோழியின் குடும்பக் கதையாகவே நான் நினைவில் வைத்திருக்கிறேன். அவர் கிட்வேயில் பிறந்தவர். தந்தை நிலத்தடியில் வேலை செய்த சுரங்கத் தொழிலாளி. வீடு சுரங்க நிறுவனத்தினுடையது. பள்ளி, மருத்துவமனை, காற்பந்துத் திடல் எல்லாம் நிறுவனத்தினுடையவை. வீட்டில் மின்விளக்கு எரியாவிட்டால் அதை மாற்றவும் நிறுவனத்தின் ஆள்தான் வருவார். 1969இல் சாம்பிய அரசு சுரங்கங்களின் பெரும்பான்மைப் பங்கைத் தன்வசம் எடுத்துக்கொள்வதாக அறிவித்தபின், அந்த வாழ்க்கை என்றும் நிலைக்கும் என்றே மக்கள் நம்பினார்கள்.

ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் செம்பிலிருந்து வந்தது. அதன் விலையைத் தீர்மானித்ததோ தொலைவிலுள்ள இலண்டன் சந்தை. 1975இல் அந்த விலை சரிந்தது. அதே வேளையில் எண்ணெய் விலை உயர்ந்திருந்தது. அதிபர் கென்னத் காவுண்டாவின் அரசு, விலை விரைவில் மீளும் என்று நம்பிக் கடன் வாங்கியது. விலை மீளவில்லை; கடன் வளர்ந்தது. மக்காச்சோள மாவின் விலை ஏறியபோது 1986இலும் 1990இலும் நகரங்களில் கலவரம் வெடித்தது. 1991 தேர்தலில் தோற்ற காவுண்டா, அமைதியாகப் பதவி விலகினார்.

அட்டவணைகளில் இடம்பெறாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாம்பியாவைச் சுற்றியிருந்த நாடுகள் பலவற்றில் அப்போது வெள்ளைச் சிறுபான்மையினரின் ஆட்சி நடந்தது. அதை எதிர்த்தவர்களுக்குச் சாம்பியா அடைக்கலம் தந்தது. இதனால் தெற்கே ரொடீசியாவுடன் பகை முற்றி, 1973இல் எல்லை மூடப்பட்டது. செம்பைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வழி அடைபட்டது. சீனாவின் உதவியுடன் தான்சானியாவின் துறைமுகம்வரை 1,860 கிலோமீட்டருக்கு இரயில் பாதை போடவேண்டி வந்தது. சாம்பியாவின் வறுமைக்குத் தவறான நிருவாகத்தை மட்டும் காரணம் காட்டுவோர், அண்டை நாட்டாரின் விடுதலைக்காக அது கொடுத்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1997 முதல் 2000 வரையிலான ஆண்டுகளில் சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. தோழியின் தந்தை வேலையை இழந்தார். குடியிருந்த வீடு அவருக்கே கிடைத்தது. ஆனால், அந்த வீட்டில் சமைக்க வருமானம் இல்லை. தாயார் வாசலில் தக்காளியும் கரியும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். செம்பின் விலை மீண்டும் ஏறத் தொடங்கியது, விற்பனை முடிந்த சில ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

போட்ஸ்வானாவின் கதை வேறு திசையில் சென்றது. விடுதலை கிடைத்த மறு ஆண்டே ஒராபா என்னுமிடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அதே 1967இல், நிலத்தடிக் கனிமங்கள் எந்த இனக்குழுவிற்கும் சொந்தமல்ல, நாட்டிற்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. ஒராபா இருந்ததோ பமங்வாட்டோ மக்களின் நிலப்பகுதியில். முதல் அதிபர் செரெட்சே காமா அந்த மக்களின் அரச குடும்பத்தவர். ‘எங்கள் மண், எங்கள் வைரம்’ என்று அவர் தரப்பினர் உரிமை கொண்டாடியிருந்தால் நாடு பிளவுபட்டிருக்கலாம். வைரத்தைவிட இந்தச் சட்டமே விலைமதிப்பற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

சுரங்கம் தோண்டிய டி பியர்ஸின் போட்ஸ்வானா நிறுவனத்தில் அரசின் பங்கு முதலில் 15 விழுக்காடுதான். 1975இல் மீண்டும் பேரம் பேசி அதனை 50 விழுக்காடாக உயர்த்திக்கொண்டார்கள். 1982இல் திறக்கப்பட்ட ஜுவானெங் சுரங்கம், வைரங்களின் மதிப்பில் உலகிலேயே முதன்மையானது எனப் பெயர் பெற்றது. வந்த பணம் சாலையாகவும் பள்ளியாகவும் மருந்தகமாகவும் மாறியது. ஒரு பகுதி எதிர்காலத்திற்கென்று சேமிக்கப்பட்டது. 1996 முதல் 65 வயதைக் கடந்த எல்லாருக்கும் ஓய்வூதியம் வழங்கப்பட்டது. சிறு வயதில் மாடு மேய்த்த என் நண்பரை வெளிநாட்டிற்கு அனுப்பிப் படிக்க வைத்ததும் அவருடைய அரசாங்கம்தான்.

இதில் நல்லூழும் கொஞ்சம் உண்டு. மக்கள்தொகை மிகக் குறைவு. இன்றும் ஏறக்குறைய 25 இலட்சம்தான். சாம்பியாவில் அது இரண்டு கோடி. மேலும், வைரத்தைக் குறைவாகச் சந்தைக்கு விட்டு, அதன் விலை சரியாமல் டி பியர்ஸ் நிறுவனமே பல்லாண்டு காத்தது. செம்பிற்கு அப்படி ஒரு காவலர் இல்லை.

இனி என் அட்டவணைக்கு வருவோம். ஓர் ஆண்டில் ஒருவருக்குச் சராசரியாக வரும் வருமானம், போட்ஸ்வானாவில் சுமார் 7,000 அமெரிக்க டாலர். சாம்பியாவில் சுமார் 1,300. ஐந்து மடங்குக்கும் மேல் வேறுபாடு. அடுத்த வரியில் சராசரி ஆயுள். போட்ஸ்வானாவில் ஏறக்குறைய 69 ஆண்டு, சாம்பியாவில் 66. அவ்வளவு வருமானம் இருந்தும் மூன்று ஆண்டு மட்டுமே கூடுதல்!

இதற்குக் காரணம் எனக்குப் புத்தகத்திலிருந்து தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை, எல்லாரும் வெளியே கிளம்பியபோது, நண்பர் வரவில்லை என்றார். தம் இளமையில் எல்லாச் சனிக்கிழமைகளும் இறுதிச் சடங்குகளிலேயே கழிந்தன என்றும், அந்நாளில் கேளிக்கைக்குச் செல்ல இன்னும் மனம் ஒப்பவில்லை என்றும் சொன்னார். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், போட்ஸ்வானாவில் வயது வந்தோருள் நான்கில் ஒருவருக்கும் மேல் எச்.ஐ.வி. கிருமி தொற்றியிருந்தது. சராசரி ஆயுள் சுமார் 50க்கு வீழ்ந்தது. சாலையும் பள்ளியும் இருந்தன. அவற்றைப் பயன்படுத்த வேண்டிய இளையோர் மடிந்துகொண்டிருந்தார்கள். 2002இல் அரசு இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. வைரப் பணம் இல்லாவிட்டால் அவ்வளவு விரைவில் அது முடிந்திருக்காது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவுவதைப் பெருமளவு தடுத்ததற்காக, 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்நாட்டிற்கு அங்கீகாரம் வழங்கியது. சாம்பியாவையும் அந்நோய் கடுமையாகத் தாக்கியது. அங்கும் மருந்து சென்று சேர்ந்தது. பெரும்பகுதி வெளிநாட்டு உதவியால்.

‘சராசரி’ என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒருவரிடம் பத்து ரொட்டி, மற்றவரிடம் ஒன்றுமில்லை என்றாலும் சராசரி ஆளுக்கு ஐந்துதான். வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளின் வரிசையில் இவ்விரண்டுமே முன்னணியில் இருக்கின்றன. வைரச் சுரங்கத்தில் இயந்திரமே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. போட்ஸ்வானாவில் வேலை தேடுவோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை கிடைப்பதில்லை. கலகாரியின் பூர்வகுடிகளான சான் மக்கள், மத்தியக் கலகாரிக் காப்பகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வழக்காடி 2006இல் உயர்நீதிமன்றத்தில் வென்ற பிறகே திரும்பிச் செல்லும் உரிமையைப் பெற்றார்கள். சாம்பியாவில் மக்களுள் சுமார் 60 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டிற்குக் கீழே வாழ்கிறார்கள். கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம்.

அண்மைக் காலத்தில் இரு நாடுகளின் நிலையும் மீண்டும் ஆட்டங்கண்டுள்ளது. ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் வைரங்கள் மலிவாகச் சந்தைக்கு வந்ததால், போட்ஸ்வானாவின் வருவாய் சுருங்கியது. விடுதலை நாள்முதல் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி, 2024 தேர்தலில் தோற்றது. 2025 ஆகஸ்ட்டில், மருத்துவமனைகளில் மருந்து இல்லாத காரணத்தால், பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சாம்பியா 2020இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றது. 2024இல் கடும் வறட்சி. கரிபா அணையில் நீர் வற்ற, தலைநகர் லுசாக்காவிலேயே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. ஆயினும், 2022 முதல் இடைநிலைப்பள்ளி வரை கல்வி இலவசம். மின்சாரக் கார்களுக்கு நிறையச் செம்பு தேவைப்படுவதால், பழைய சுரங்கங்களைத் தேடி மீண்டும் முதலீட்டாளர்கள் வருகிறார்கள். சாம்பேசி ஆற்றின்மேல் இரு நாடுகளையும் இணைக்கும் காசுங்குலா பாலம் 2021இல் திறக்கப்பட்டது. அதற்குமுன், படகுக்காகப் பல நாள் காத்துக் கிடந்த செம்பு லாரிகள், இப்போது 923 மீட்டரைச் சில நிமிடங்களில் கடந்து போட்ஸ்வானாவிற்குள் நுழைகின்றன.

அட்டவணையை முடித்ததும், அதை இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். அதில் ஐந்து வரிகள் இருந்தன: மக்கள்தொகை, வருமானம், ஆயுள், கல்வி, ஏற்றுமதி. தோழி இப்போது ஓர் இடைநிலைப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். ஒரு வகுப்பில் எத்தனை மாணவர் என்ற வரியைச் சேர்க்கும்படி எழுதினார். கல்வி இலவசமான பிறகு தம் வகுப்பறையில் உட்கார இடம் இல்லாமல் பிள்ளைகள் சன்னலோரம் நிற்கிறார்களாம். அவர்களுள் மூவர், கட்டணம் கட்ட முடியாமல் முன்பு நின்றுபோன பெண்களாம். அவர் எழுதிய விதத்தில் வருத்தத்தைவிட மகிழ்ச்சியே கூடுதலாகத் தெரிந்தது. நண்பரின் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. அவருடைய தாயாருக்கு இரத்தக்கொதிப்பு; அரசு மருந்தகத்திற்கு மூன்று முறை சென்றும் மாத்திரை கிடைக்கவில்லை. கபரோனியில் ஒரு தனியார் கடையில் வாங்கி, பேருந்தில் கொடுத்தனுப்பியிருக்கிறார். மருந்தகத்தில் இன்று மருந்து இருக்கிறதா என்று ஒரு வரி போட முடியுமா என்று கேட்டிருந்தார்.

அட்டவணையில் இப்போது ஏழு வரிகள் இருக்கின்றன.