சும்மா ஒரு பொழுதுபோக்கு

உயர்தரப் பரீட்சைக்கு நான்கு மாதங்கள் இருக்கையில் மகனின் மடிக்கணனியைப் பறித்து அலுமாரியில் பூட்டினேன். இரவு இரண்டு மணிக்கு அவனது அறையில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். பாடப் புத்தகங்கள் மூடிக் கிடந்தன. திரையில் வரி வரியாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன செய்றா?"

"சும்மாதான் வாப்பா. விளையாட்டுக்கு ஒண்டு எழுதிப் பாக்கிறன்."

இந்தச் 'சும்மா'தான் எனக்குக் கோபத்தை மூட்டியது. முப்பது வருடங்கள் பாடசாலையில் படிப்பித்தவன் நான். சும்மா பொழுது போக்கியவன் உருப்பட்டதில்லை என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

அவன் எதிர்த்துக் கதைக்கவில்லை. மறுநாள் காலை எனது மேசையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது: 'ஜஸ்ட் ஃபோர் ஃபன்'. சும்மா வேடிக்கைக்கு என்று அர்த்தம். என்னைச் சீண்டவே வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஆனாலும் புத்தகம் என்று ஒன்று கண்ணில் பட்டால் புரட்டாமல் விடும் பழக்கம் எனக்கில்லை.

பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ், டேவிட் டயமண்ட் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து 2001இல் வெளியிட்ட தன்கதை அது. திண்ணையில் இருந்து கதைப்பது போன்ற எழுத்து. லினஸ் 1969இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். பின்லாந்தில் சுவீடிய மொழி பேசும் சிறுபான்மைக் குடும்பம். தந்தையின் தகப்பனார் ஓலே டோர்வால்ட்ஸ் ஒரு கவிஞர். தாயின் தகப்பனார் புள்ளிவிபரவியல் பேராசிரியர். அவர் வாங்கிய சிறிய கணனியில், அவரது மடியில் இருந்தபடிதான் பேரன் முதன்முதலாக எழுத்துகளைத் தட்டியிருக்கிறான். கவிஞரின் பேரன் என்றதும் மனிதர் எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டார்.

1991 ஜனவரியில், பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, தவணைப் பணத்தில் அவர் ஒரு கணனி வாங்கினார். அதற்குத் தேவையான மினிக்ஸ் என்ற இயங்குதளம் தபாலில் வந்து சேரும்வரை 'பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா' என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாராம். எனது மகனாக இருந்திருந்தால் அன்றைக்கே அலுமாரிதான்!

வீட்டிலிருந்தபடியே தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணனியோடு தொடர்புகொள்ள ஒரு சிறு நிரலை எழுதத் தொடங்கினார். அது வளர்ந்துகொண்டே போனது. ஒரு நாள் கை தவறி, போக வேண்டிய கட்டளை வன்தட்டுக்குப் போய், அங்கிருந்த மினிக்ஸ் அழிந்தது. அதைத் திரும்பவும் நிறுவாமல், தான் எழுதிக்கொண்டிருந்ததையே முழு இயங்குதளமாக ஆக்குவது என்று முடிவெடுத்தார். 1991 ஆகஸ்ட் 25ஆம் திகதி, இதை மற்றவர்களுக்கு அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்ற கருத்தில்தான் எழுதினார். அதுதான் லினக்ஸ். பணம் அனுப்பவா என்று கேட்டவர்களிடம், உங்கள் ஊரிலிருந்து ஒரு தபாலட்டை அனுப்புங்கள் போதும் என்றிருக்கிறார். பல நாடுகளிலிருந்தும் வீட்டுக்கு அட்டைகள் வந்து குவிந்தபோதுதான், அண்ணன் ஏதோ செய்திருக்கிறான் என்று தங்கைக்கே விளங்கியதாம்.

2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணனிகள் ஐந்நூறும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. எனது சட்டைப் பையிலிருக்கும் அண்ட்ரொய்ட் தொலைபேசியின் உள்ளேயும் அதே லினக்ஸ்தான். இது நினைவுக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். மகனின் கணனியைப் பூட்டிய நான், அன்றிரவு அந்தத் தொலைபேசியில் இரண்டு மணித்தியாலம் யார் யாரோ சமைப்பதையும் சண்டை பிடிப்பதையும் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். ஒருவர் பொழுதுபோக்காக ஆக்கிய பொருளில் நான் எனது பொழுதைக் கொன்றுகொண்டிருக்கிறேன். அவன் ஆக்கிக்கொண்டிருந்தான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு மட்டும் அவனுக்கு.

புத்தகத்தில் லினஸ் ஒரு சிறு தத்துவமும் சொல்கிறார். மனிதர் ஒரு காரியத்தில் இறங்குவதற்கு மூன்று காரணங்கள்: உயிர் பிழைத்தல், சமூக உறவு, களிப்பு. எதுவும் பிழைப்புக்காகத் தொடங்கி, உறவுக்கானதாக மாறி, கடைசியில் களிப்பில் வந்து நிற்கும் என்கிறார். அரைப் பகிடியாகச் சொன்னாலும் யோசிக்க வேண்டிய விடயம்தான். ஆனால் இந்த வரிசையை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் கடல்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது எங்கள் சாச்சி காணாமற் போனார். நானும் மச்சானும் ஒரு பயிற்சிக் கொப்பியோடு முகாம் முகாமாக அலைந்தோம். பாடசாலைச் சுவர்களில் கையால் எழுதி ஒட்டியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சாச்சியின் பெயர் இல்லாவிட்டாலும், யாராவது தேடுவார்களே என்று மற்றப் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். ஒரு முகாமில் இருப்பவர் யாரென்று அடுத்த முகாமுக்குத் தெரியாத நாட்கள் அவை.

அதே நாட்களில் நமது நாட்டுக் கணனி இளைஞர்கள் சிலர் தொண்டர்களாகக் கூடி, லங்கா மென்பொருள் மன்றத்தின் ஊடாக 'சஹன' என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது பல வருடங்களுக்குப் பின்னரே எனக்குத் தெரியவந்தது. சஹன என்றால் சிங்களத்தில் நிவாரணம். காணாமற் போனோர், முகாம்கள், தேவைப்படும் உதவிகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிந்து தேடுவதற்கான மென்பொருள் அது. லினக்ஸ் போன்று இலவசமாகப் பகிரப்படும் மென்பொருட்களின் மேலேயே அதைக் கட்டினார்கள். 2005இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டுக்கான விருதும் கிடைத்தது.

எங்கள் சாச்சி எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அது வேறு கதை. ஆனால் ஹெல்சிங்கியில் ஒரு மாணவன் சும்மா களிப்புக்கு எழுதியது, பதின்மூன்று வருடங்களின் பின் உயிரோடிருப்போரையும் இறந்தோரையும் தேடும் வேலைக்கு அடித்தளமாக இருந்திருக்கிறது. களிப்பில் தொடங்கிய ஒன்று பிழைப்புக்குத் திரும்பி வந்திருக்கிறது. லினஸின் வரிசை எங்கள் கரையில் தலைகீழாகிவிட்டது.

மூன்றாம் நாள் அலுமாரியைத் திறந்தேன். இரவு பதினொரு மணிக்கு மேல் இல்லை, பரீட்சை முடியும் வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் என்று பேசி முடித்தோம். எனது தொலைபேசிக்கும் அதே சட்டம் என்று அவன் கேட்டான். ஒத்துக்கொண்டேன்.

கணனியோடு அந்தப் பழைய கொப்பியையும் கொடுத்தேன். மை மங்கிவிட்டது, சில பக்கங்களில் கடல் ஈரத்தின் கறை. புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார்ட பேர் வாப்பா?" என்று கேட்டான். சாச்சியைப் பற்றி அவனுக்கு அன்றுதான் முழுவதுமாகச் சொன்னேன். பரீட்சை முடிந்ததும் இந்தப் பெயர்களை எல்லாம் கணனியில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.